காவல் நாயின் கெட்ட பழக்கங்களும் திருத்தும் முறைகளும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் இடம்பெற்ற பேச்சு)



மாட்டைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் கோழியைப் பற்றியும் இந்த நிகழ்ச்சியில் எவ்வளவோ கேட்டிருப்பீர்கள். அந்த மூன்றையும் காவல் காக்கிற நாயைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். "நாயைப் பத்திப் பேச என்னங்க இருக்குது? ரெண்டு வேளை சோறு போட்டா வாலாட்டிக்கிட்டு வாசல்ல கிடக்கப் போகுது" என்று நினைக்கலாம். அந்த நாய் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டாலோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கடித்துவிட்டாலோ அப்போது தெரியும், பேச எவ்வளவு இருக்கிறது என்று.

நைனார்பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்தில் இருக்கிற ஊர். மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி, கரும்பு என்று வெள்ளாமை செய்கிற பூமி. இந்த வட்டாரத்தில் நிலத்திலேயே காட்டுக்கொட்டாய் போட்டுக் குடியிருக்கிற குடும்பங்கள் நிறைய. சோளம் கதிர் பிடித்துவிட்டால் பன்றி வரும். பட்டியில் குட்டி இருந்தால் நரி வரும். மோட்டார் கொட்டகையில் ஒயரைத் திருடுகிறவனும் வருவான். ஆகவே நாய் இல்லாமல் காட்டுக்கொட்டாயில் ராத்தூக்கம் கிடையாது.

அப்படி நமக்கு வேண்டிய நாயே சில சமயம் நமக்குத் தொல்லையாகிவிடுகிறது. விடிய விடியக் குரைக்கிறது, மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறது, கோழியைப் பிடிக்கிறது, சோற்றுத் தட்டருகே போனால் உறுமுகிறது. இரண்டு நாள் அடித்துப் பார்க்கிறோம், கேட்கவில்லை. மூன்றாவது நாள் சாக்கில் கட்டி எங்காவது தூரத்தில் விட்டுவிட்டு வருகிறோம். இன்னும் சிலர் கோபத்தில் சோற்றில் குருணை மருந்தைக் கலந்து வைத்துவிடுகிறார்கள்.

இது பாவம் மட்டும் இல்லீங்க, குற்றமும்கூட. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி ஒரு பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதோடு, வைத்த விஷம் அந்த நாயோடு நிற்குமா? மிச்சத்தைக் கோழி கொத்தும், காக்கை தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போடும், விளையாடுகிற குழந்தை கையில் எடுக்கும்.

நாயின் கெட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை அது பிறக்கும்போதே கொண்டு வந்தவை அல்ல. நமக்குத் தெரியாமலே நாம் கற்றுக்கொடுத்தவை. ஏன் செய்கிறது என்று கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

ரஷ்ய நாட்டில் பாவ்லோவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்களை வைத்து ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். தீனி வாய்க்கு வருவதற்கு முன்பே, தீனி வரப்போகிறது என்பதற்கு அடையாளமான சத்தத்தைக் கேட்டவுடனேயே நாய்க்கு எச்சில் ஊறியது. இது நம் வீட்டிலும் தினமும் நடக்கிறதுதான். அலுமினியத் தட்டு சத்தம் கேட்டால் கொல்லைக் கோடியில் இருக்கிற நாய் ஓடி வருகிறதே, அதுதான் இது. ஒன்றையடுத்து ஒன்று நடந்தால், இரண்டையும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் நாய்க்கு உண்டு. ஒரு காரியம் செய்து லாபம் கிடைத்தால் மறுபடி செய்யும். லாபம் இல்லையென்றால் மெல்ல மெல்ல விட்டுவிடும். நாயின் லாபம் என்பது சோறு மட்டும் அல்ல. நாம் திரும்பிப் பார்ப்பது லாபம். "டேய் மணி, சும்மா இரு" என்று நாம் கத்துவதுகூடச் சில நாய்க்கு லாபம்தான். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்க்கு, திட்டுவதற்காவது ஒரு ஆள் வந்தாரே என்று இருக்கும்.

இந்த முடிச்சு விழுவதற்கு நேரம் மிகவும் முக்கியம். காரியத்துக்கும் பலனுக்கும் நடுவே ஓரிரண்டு விநாடிதான் இருக்க வேண்டும். காலையில் கோழியைக் கடித்த நாயை மத்தியானம் கட்டிவைத்து அடித்தால், கோழிக்காக வாங்கிய அடி என்று அதற்குத் தெரியாது. "எசமான் கையில குச்சி, கிட்ட போகக் கூடாது" என்பதுதான் அது படிக்கிற பாடம். அப்புறம் கூப்பிட்டால் வராது. பிடிக்கப் போனால் கடிக்கும்.

"இல்லீங்க, அதுக்குத் தப்புப் பண்ணினது தெரியும். பாருங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு முழிக்குது" என்று சொல்வீர்கள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. தின்னக் கூடாது என்று சொன்ன தீனியைத் தின்ற நாயும், தின்னாத நாயும், திட்டு விழுந்தவுடன் ஒரே மாதிரிதான் முழித்தன. நாய் முழிப்பது நம் முகத்தையும் குரலையும் பார்த்து. செய்த தப்பை நினைத்து அல்ல.

முதலில் உடம்பைப் பாருங்கள்

நல்லபடியாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினால், பழக்கத்தைத் திருத்தக் கிளம்புவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். காதுக்குள் புண், உண்ணிக் கடி, புழு வைத்த காயம், பல்வலி, காலில் முள் என்று ஏதாவது இருக்கும். வலிக்கிற இடத்தில் கை பட்டால் எந்த நாயும் சீறும். குட்டி போட்ட நாய் முதல் சில வாரங்கள் யாரையும் அண்டவிடாது. அது தாய்க்கு உள்ள இயல்பு. அந்த நாட்களில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருந்தாலே போதும்.

குட்டியிலேயே போடுகிற அஸ்திவாரம்

நாற்றங்காலில் விட்ட குறை நடவில் தெரியும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்கும் ஒரு நாற்றங்கால் பருவம் உண்டு. பிறந்து 3-ஆவது வாரத்திலிருந்து சுமார் 12-ஆவது வாரம் வரை. இந்தக் காலத்தில் அது எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதையெல்லாம் தன் உறவாக எடுத்துக்கொள்ளும். பார்க்காததைப் பிற்பாடு கண்டு மிரளும்.

அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஸ்காட், ஃபுல்லர் என்கிற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டு நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-இல் புத்தகமாகவே எழுதினார்கள். அதே இடத்தில் இன்னொரு சோதனை நடந்து, 1961-இல் அதன் முடிவு வெளியானது. வேலி போட்ட நிலத்தில், மனித வாடையே படாமல் சில குட்டிகளை 14 வாரம் வளர்த்தார்கள். தீனி தண்ணீர் எல்லாம் உண்டு. ஆள் பழக்கம் மட்டும் இல்லை. அந்தக் குட்டிகள் பிறகு காட்டு மிருகம் மாதிரி மனிதனைக் கண்டு ஓடின. இடையிலே சில நாள் மனிதரோடு பழகிய குட்டிகள் அப்படி ஆகவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? குட்டியைத் தாயிடமிருந்து கண் திறந்த கையோடு தூக்கி வந்துவிடாதீர்கள். 8 வாரம் வரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்கேதான் படிக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஒரு மாதம் ஆடு, மாடு, கோழி, குழந்தைகள், தாத்தா கையில் தடி, டிராக்டர் சத்தம், மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மிரளாத தூரத்தில் வைத்துக் காட்டி, வாயில் ஒரு துண்டு தீனி கொடுங்கள். தடுப்பூசி முடியும் வரை தெரு நாய் திரிகிற இடங்களில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். கழிச்சலும் வாந்தியுமாக வருகிற பார்வோ நோய் குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும்.

இனி ஒவ்வொரு கெட்ட பழக்கமாகப் பார்ப்போம்.

1. ஓயாத குரைப்பு

ஆள் வந்தால் நாலு குரைப்பு குரைப்பது அதன் வேலை. அதைத் தடுக்க வேண்டாம். காற்றில் சருகு அசைந்தாலும் விடிய விடியக் குரைக்கிறதே, அதுதான் தொல்லை. இதற்கு முக்கால்வாசிக் காரணம், பகலெல்லாம் ஒரே இடத்தில் கட்டிப் போட்டு வைப்பது. ஓடித் திரிய வேண்டிய பிராணி. அதன் தெம்பெல்லாம் தொண்டை வழியாகத்தான் வெளியே வரும்.

காலையிலும் மாலையிலும் வரப்புச் சுற்றப் போகும்போது அரை மணி நேரம் கயிற்றில் பிடித்துக் கூடவே நடத்துங்கள். ராத்திரி கட்டுகிற இடத்தைத் தெருவும் பாதையும் கண்ணில் படாத பக்கமாக மாற்றுங்கள். குரைத்தால் உள்ளேயிருந்து கத்தாதீர்கள். நாம் கத்தினால், "எசமானும் கூடச் சேர்ந்து குரைக்கிறார்" என்றுதான் நாய்க்குத் தோன்றும். எழுந்து வந்து பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் தணிந்த குரலில் "போதும்" என்று சொல்லுங்கள். அது வாயை மூடின அந்த விநாடியில் ஒரு துண்டு தீனி கொடுங்கள். ஒரு வாரம் பொறுமையாகச் செய்தால் "போதும்" என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளும்.

2. வண்டியைத் துரத்துவது

இது ஏன் வருகிறது தெரியுமா? வண்டி வருகிறது, நாய் குரைத்துக்கொண்டு துரத்துகிறது, வண்டி போய்விடுகிறது. வண்டி போனது அதன் பாட்டுக்குப் போனது. ஆனால் நாய், தான் விரட்டியதால்தான் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வண்டியும் அதற்கு ஒரு வெற்றி. இந்த லாபத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பழக்கம் ஏறிக்கொண்டேதான் போகும். ஒருநாள் வண்டிக்காரர் விழுந்து மண்டை உடையும், அல்லது நாய் சக்கரத்தில் மாட்டும்.

முதல் வேலை, பாதையோரத்தில் அவிழ்த்துவிடாமல் இருப்பது. பிறகு நீளக் கயிற்றில் கட்டி, பாதையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி நிற்க வைத்து, வீட்டுப் பையனை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வண்டி கண்ணில் பட்டவுடனே, நாய் பாய்வதற்கு முன்பே, தீனியை நீட்டுங்கள். வண்டி போனதும் தீனியும் நிற்கட்டும். நாலைந்து நாளில் வண்டிச் சத்தம் கேட்டால் உங்கள் கையைப் பார்க்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பாதைக்குக் கிட்டே கொண்டு வாருங்கள். வண்டியில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாய் துரத்தினால் முறுக்கிக்கொண்டு பறக்காதீர்கள். ஓடுகிறதைத்தான் அது துரத்தும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான நாய் நின்றுவிடும்.

3. கோழியையும் ஆட்டையும் பிடிப்பது

நைனார்பாளையம் பக்கம் நாயால் வருகிற சண்டையில் பெரிய சண்டை எது என்று கேட்டால், எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஆடு என்பது ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, கல்யாணச் செலவு. அதை ஒரு நாய் கடித்துப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஓடுகிறதைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது. அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை இனங்கள் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் நாய் புகழ் பெற்ற இனம்தான். 2005-இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் பேரைப் பார்த்து ஆசைப்பட்டு இப்படிப்பட்ட நாயை வாங்கி வந்து, ஓடவிடாமல் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தால் தினம் ஒரு வம்புதான். பட்டிக் காவலுக்கு, ஆட்டோடு வளர்ந்த தாய்க்குப் பிறந்து, ஆட்டோடே வளர்ந்த நாட்டுக்குட்டி போதும்.

குட்டிப் பருவத்திலேயே பட்டிக்குப் பக்கத்தில் படுக்கவிடுங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோழிக் கூட்டத்துக்கு நடுவே நடத்துங்கள். கோழியை உற்றுப் பார்த்து உடம்பு விறைத்தால் "விடு" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வாருங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்தவுடன் தீனி. ஏற்கெனவே ருசி கண்ட நாயானால், அதை முழுக்க மாற்றிவிடலாம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அதை ஆள் பார்வையில் இல்லாமல் அவிழ்த்துவிடாதீர்கள். கோழிக்கூண்டின் கதவைப் பலப்படுத்துங்கள். செத்த கோழியைத் தூக்கி நாய்க்கு எறிகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நோயும் பரவும், கோழி என்றால் தீனி என்ற எண்ணமும் வரும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். முட்டை குடிக்கிற நாய்க்கு மருந்து, நாய்க்கு எட்டாத உயரத்தில் அடைப்பெட்டி வைப்பதுதான்.

4. சோற்றுத் தட்டில் உறுமுவது

பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அசட்டையாக விடக் கூடாது. "யார் எசமான்னு காட்டுறேன் பாரு" என்று தின்கிற தட்டைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. பிடுங்கப் பிடுங்க, "இவன் வந்தாலே சோறு போய்விடுகிறது" என்ற பயம்தான் நாய்க்கு வளரும். தலைகீழாகச் செய்யுங்கள். நாய் தின்னும்போது சற்றுத் தள்ளி நடந்து போய், அதன் தட்டுப் பக்கம் ஒரு கருவாட்டுத் துண்டையோ முட்டைத் துண்டையோ போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். ஆள் கிட்டே வந்தால் லாபம் என்று அது தெரிந்துகொள்ளும். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்கலாம். இந்தப் பயிற்சியைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நாய் தின்கிற நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் சோறு வையுங்கள்.

5. கடித்துக் குதறுவது

நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து பல் முளைக்கிற காலம். ஈறு ஊறும். செருப்பு, துணி, சொட்டுநீர்ப் பாசனக் குழாய் எது கிடைத்தாலும் கடிக்கும். குழாயைக் கடித்ததற்காக நாலு நாள் கழித்து அடித்துப் பயன் இல்லை. கடிப்பதற்கென்று பழைய கயிற்றை மொத்தமாக முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அதைக் கடிக்கும்போது தட்டிக்கொடுங்கள். குழாய் போட்ட நிலத்தில் அந்த இரண்டு மாதம் அவிழ்த்துவிடாமல் இருந்தால் காசு மிச்சம். வேகவைத்த கோழி எலும்பைக் கொடுக்காதீர்கள். ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

6. வெடிச் சத்தத்துக்கு மிரளுவது

தீபாவளி சமயத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் போகிற நாய்கள் எத்தனையோ. நம் காதைவிட நாய்க்காது கூர்மை. மிரண்ட நாயை அடிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவது மாதிரி. பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே நடத்திக் கூட்டி வந்து, சோறு போட்டு, ஒரு அறையில் கோணி விரித்துப் படுக்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வானொலிப் பெட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிடுங்கள். எங்கள் பேச்சை நாயும் கேட்கட்டும்! பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது சரியல்ல, தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம்.

7. ஆளைக் கடிப்பது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாய் காரணமில்லாமல் கடிப்பது அபூர்வம். கடிப்பதற்கு முன் அது பல விதமாகச் சொல்லிப் பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாக்கால் உதட்டை நக்கும். காதைப் பின்னால் மடக்கும். உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். வெள்ளை விழி தெரியப் பார்க்கும். பிறகு உறுமும். வால் ஆடினாலே சந்தோஷம் என்று எண்ண வேண்டாம். உடம்பு விறைத்து, வாலை மட்டும் மேலே தூக்கி வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் ஜாக்கிரதை.

உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது பாம்பு சீறுவது மாதிரி ஒரு எச்சரிக்கை. அடித்து அடித்து உறுமலை நிறுத்திவிட்டால் கோபம் போகாது. எச்சரிக்கை மட்டும்தான் போகும். அப்புறம் அந்த நாய் சத்தம் காட்டாமல் கடிக்கும். உறுமினால் நாம் பின்வாங்கி, எதற்காக உறுமியது என்று பார்த்து, அந்தக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நாய்க்கு ரோஷம் வரட்டும் என்று மிளகாய் அரைத்து ஊட்டுவதும், காதையும் வாலையும் நறுக்குவதும், இருட்டறையில் போட்டு அடைப்பதும் சிலர் நினைப்பில் இருக்கிறது. இதனால் வருவது ரோஷம் அல்ல, வலியும் பயமும். பயந்த நாய்தான் குழந்தையைக் கடிக்கும். நல்ல காவல் நாய்க்குத் தன் வீட்டு ஆள் யார், வந்து போகிற உறவு யார் என்று தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் அதை அது எப்படிப் பழகும்? கட்டத்தான் வேண்டுமென்றால், இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, சங்கிலியை மாட்டிவிடுங்கள். நிழலிலும் வெயிலிலும் இஷ்டப்படி நடமாடும். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தூங்குகிற நாயையும், தின்கிற நாயையும், குட்டியோடு இருக்கிற நாயையும் தொடக் கூடாது. தெரியாத நாய் வந்தால் ஓடக் கூடாது. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. உங்கள் நாய் ஒருவரைக் கடித்தால், அசட்டையாக விட்டதற்காக உங்கள் மேலும் வழக்கு வரும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

வெறிநோய்: இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

சாதுவாக இருந்த நாய் திடீரென்று கண்டதையெல்லாம் கடிக்கிறது, குரல் மாறுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது, தாடை தொங்குகிறது, இருட்டு மூலையில் போய் ஒளிகிறது என்றால், அதை எந்தப் பயிற்சியாலும் திருத்த முடியாது. கிட்டே போகாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மனிதருக்கு வருகிற வெறிநோயில் 100-க்கு 99 வரை நாயால் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் வருமுன் தடுக்க மருந்து இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-இல் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டார். அவர் பெயரால் 1907-இலேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தாகிவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஊசி போடாமல் ஒரு உயிர் போனால் அது யார் குற்றம்?

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலில் போடுகிற முறையானால் முதல் ஊசி போட்ட பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசிகள் வரும். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ஒரு தேதியையும் விடக் கூடாது. கடித்தது நம் வீட்டு நாயானாலும், குட்டியானாலும் இதே கதைதான். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். ஆனால் அந்த 10 நாள் போகட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் நாய்க்கு 3 மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்கிறபடி மறு ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் நாள். அந்தச் சமயத்தில் பல இடங்களில் தடுப்பூசி முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை செய்துவிடலாம். கிடா நாய் துணை தேடி ஊர் சுற்றுவதும், அதனால் வருகிற சண்டையும் குறையும். பெட்டை போட்ட குட்டிகளை ரோட்டில் கொண்டு போய் விடுகிற பாவமும் இல்லை.

ஒரு மாதப் பயிற்சி

தினம் காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம் போதும். நாய் பசியோடு இருக்கிற நேரமாகப் பாருங்கள். இட்லித் துண்டோ வேகவைத்த ஈரல் துண்டோ சுண்டு விரல் நக அளவு போதும். முதல் வாரம் பேரைச் சொல்லி "வா". வந்தவுடன் தீனி. வந்த நாயை என்ன கோபம் இருந்தாலும் அடிக்காதீர்கள். இரண்டாவது வாரம் "உட்கார்". தீனியை மூக்குக்கு மேலே தூக்கிப் பின்னால் கொண்டு போனால் தானே உட்காரும். மூன்றாவது வாரம் "இரு". முதலில் இரண்டு விநாடி, பிறகு பத்து விநாடி. நாலாவது வாரம் "விடு". மூடின கையில் தீனியை வைத்து, நாய் முகர்வதை விட்டுப் பின்வாங்கியதும் மற்றக் கையால் கொடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு தீனியைக் குறைத்து, தட்டிக்கொடுப்பதைக் கூட்டுங்கள்.

ஒன்று முக்கியம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்" என்கிறார், பையன் "சிட்" என்கிறான், பாட்டி "குந்து" என்கிறார். நாய் யார் பேச்சைக் கேட்கும்? இங்கிலீஷ் வேண்டியதில்லை; உங்கள் வீட்டில் புழங்குகிற சொல் எதுவோ அதுவே இருக்கட்டும். அதேபோல, ஒருவர் திண்ணையில் ஏறக் கூடாது என்பதும், இன்னொருவர் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதும் உதவாது.

சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடைகளுக்கான ஆம்புலன்ஸ் உதவியும் கிடைக்கும். சின்னசேலத்துக்குப் பக்கத்திலே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விவசாயப் பெருமக்களே, பயிர் வாடினால் பயிரைத் திட்டுவதில்லை. தண்ணீர் குறைவா, பூச்சியா, சத்துக் குறைவா என்று பார்க்கிறோம். நாய் விஷயத்திலும் அந்தக் கண்ணோடு பாருங்கள். இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நாயின் சங்கிலியை அவிழ்த்து, ஒரு கயிற்றில் பிடித்து, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாளைக் காலையில் அதன் தடுப்பூசி எப்போது போட்டது என்று தேடிப் பாருங்கள். தேதி ஞாபகத்தில் இல்லையென்றால், மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டிய நாள் அதுதான்.